தனியாக உயர்ந்த கை

அத்தியாயம் பதினொன்று

லாமியா ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. மகள் ஸமீஹாவை மட்டும் இறக்கி, தண்ணீர் பாட்டிலை அவள் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"அஸ்பியா, இங்க வா."

அஸ்பியா பச்சைத் தொப்பியை ஒரு கையால் பிடித்தபடி ஓடி வந்தாள். கோடை முகாமில் பெரியவர்களுக்கு அந்தத் தொப்பிதான் அடையாளம். சம்பளம் கிடையாது. மதியச் சாப்பாடும் தொப்பியும் மட்டும்.

"நேத்து ராத்திரி அவுக மெசேஜ் போட்டிருக்காக. எம் மகளைப் பாக்க எனக்கு யாரு அனுமதியும் வேணாம்னு."

"காக்கா ஷார்ஜாவுலேருந்துதானே மச்சி போட்டிருப்பாக."

"எங்கேருந்தோ. சாயங்காலம் நான் வாரேன். நான் வராம யாருகிட்டயும் பிள்ளைய விடாத. யாரு வந்தாலும்."

"சரி மச்சி."

"நீ இருக்கியேன்னுதான் விடுறேன்."

ஆட்டோ ராமநாதபுரம் சாலையில் திரும்பியது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் லாமியா டீச்சராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. விடுமுறையிலும் அட்மிஷன் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

அந்த வேலைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். வேலையை விட்டுவிட்டு ஷார்ஜாவுக்கு வா என்றான் அவள் கணவன் காஜா நவாஸ். மாட்டேன் என்றாள் லாமியா. அப்படியானால் பிள்ளையை அனுப்பு என்று அவன் ஒரு கோபத்தில் சொன்னான். அன்றிலிருந்து அவள் அவனுடைய அழைப்பை எடுப்பதில்லை.

நவாஸைக் காக்கா என்றும் அவன் மனைவியை மச்சி என்றும் கூப்பிடும் தங்கை அஸ்பியா. அண்ணன் பக்கமும் பேசவில்லை, மச்சி பக்கமும் பேசவில்லை. விலங்கியல் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்தவளைப் பேசவே விடாத கூச்சம் அது. ஆனால் ஒன்று மட்டும் செய்துகொண்டிருந்தாள். தினமும் ராத்திரி, முகாமில் எடுத்த ஸமீஹாவின் ஃபோட்டோ ஒன்றை அண்ணனுக்கு அனுப்பினாள்.

கீழக்கரையில் அது பெரிய விஷயமே இல்லை. ஆண்கள் பாதிப் பேர் வளைகுடாவில். பிள்ளைக்குப் பல் விழுந்தால், புதுச் சட்டை போட்டால், காய்ச்சல் விட்டால், முதல் ஃபோட்டோ அங்கேதான் போகும். அதைத் தகவல் சொல்வதாக யாரும் நினைப்பதில்லை.

நேற்று அனுப்பிய ஃபோட்டோவின் கீழே அஸ்பியா எழுதியிருந்தாள்: 'நாளைக்குக் காலையில கடலுக்குக் கூட்டிப் போறோம். ஜெட்டிக்குக் கிழக்கே.'

* * *

கடல் நன்றாக வற்றியிருந்தது. கரையிலிருந்து வெகுதூரம் வரை பாறையும் பாசியும் வெளியே தெரிந்தன.

"எல்லாரும் ஜோடி பிடிங்க," என்றாள் நாகலெட்சுமி.

முகாமை நடத்துபவள் அவள்தான். உச்சிப்புளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், பள்ளியில் விளையாட்டு டீச்சர். அவளுக்குக் குரல் தேவையில்லை, விசில் போதும். குட்டை விசில் ஊதினால் ஜோடிகள் கை கோத்து மேலே தூக்க வேண்டும். நீள விசில் ஊதினால் யாரையோ காணோம் என்று அர்த்தம். எல்லோரும் நின்ற இடத்திலேயே உட்கார வேண்டும். ஜோடியைத் தொலைத்த பிள்ளை மட்டும் நின்றுகொண்டு, ஒற்றைக் கையைத் தூக்கியபடி இருக்க வேண்டும். ஜோடி வந்து அந்தக் கையைப் பிடிக்கும்வரை இறக்கக் கூடாது.

"இன்னிக்கு நாம ரெண்டு தொப்பிதான்," என்றாள் அஸ்பியாவிடம். "ஹாஜா முகைதீன் சாருக்கு வயித்துப்போக்காம். கல்யாண வீட்டுப் பிரியாணி. நீ பாறைப் பக்கம் பாத்துக்க, நான் தண்ணிப் பக்கம் நிக்கிறேன்."

ஸமீஹாவின் ஜோடி அமுதவள்ளி. மீனவர் குப்பத்துப் பெண், ஸமீஹாவைவிட ஒரு சாண் உயரம், வாய் அதைவிட நீளம்.

"மிஸ், இங்கன ஒண்ணு செத்துக் கெடக்கு."

அஸ்பியா குனிந்து பார்த்தாள். பாறை இடுக்குத் தண்ணீரில் கருப்பாக ஒரு கடலட்டை.

"சாகல. இப்படித்தான் இருக்கும். தொடாத. பயந்துச்சுன்னா கொடலையே வெளிய துப்பிரும்."

"துப்பிட்டு?"

"கொஞ்ச நாள்ல புதுக் கொடல் வளரும்."

"எங்க சித்தப்பாவும் துப்புவாரு மிஸ். மறுநாளும் கடைக்குப் போயிருவாரு."

பிள்ளைகள் சுற்றி வந்து குனிந்தார்கள். யாரோ யாரையோ தள்ள, ஒருத்தன் வழுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். அஸ்பியா அவனைத் தூக்கி உட்கார வைத்து, பையைத் திறந்து மருந்தைத் தேடினாள். அவன் அழவில்லை. ரத்தம் எவ்வளவு வருகிறது என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான்.

பஞ்சை ஒட்டி முடித்தபோது குட்டை விசில் கேட்டது.

கைகள் உயர்ந்தன. இரண்டு இரண்டாக.

ஒரு கை மட்டும் தனியாக உயர்ந்தது.

"மிஸ்," என்றாள் அமுதவள்ளி, "எஞ் ஜோடி இல்ல."

"ஸமீஹா எங்க?"

"அவுக வாப்பா வந்தாக. கூப்பிட்டாக. படகு மேட்டுப் பக்கம் போயிட்டா."

அஸ்பியா மருந்துப் பையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க அவனுக்கு மருந்து போட்டுக்கிட்டு இருந்தீக. அவுக வாப்பாதானே மிஸ்? எனக்கும் ஒரு சாக்லேட் குடுத்தாக." அதுவரை மூடியிருந்த இன்னொரு கையைத் திறந்தாள். உறை பிரிக்காத சாக்லேட் உருகியிருந்தது.

நாகலெட்சுமி தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தாள். இருவர் மட்டுமே பெரியவர்கள். ஒருவர் போனால் இன்னொருவர் நகர முடியாது.

"ஓடு," என்றாள். "ஓடு புள்ள."

பின்னால் நீள விசில் கேட்டது.

* * *

படகுகள் ஏற்றிவைத்திருந்த மேட்டுக்கு அப்பால் வெள்ளைக் கார் ஒன்று நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நவாஸ் பின்கதவைத் திறந்து, குனிந்து, மகளுக்கு பெல்ட் போட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அண்ணனைப் பார்க்கிறாள். முன்தலையில் முடி குறைந்திருந்தது. சட்டை கசங்கியிருந்தது.

"காக்கா."

அவன் திரும்பினான். முகத்தில் முதலில் வந்தது சிரிப்புதான்.

"அஸ்பியா. என்னடி இப்புடி மெலிஞ்சுட்ட?"

"எப்ப வந்திய?"

"முந்தாநாள்."

"வீட்டுக்கு வரலியே."

"எந்த வீட்டுக்கு?" அவன் சிரிப்பு போய்விட்டது. "லீவுல வர்ற மாப்பிள்ள எந்த வீட்டுக்குப் போவான் இந்த ஊர்ல? பொண்டாட்டி வீட்டுக்கு. அங்க எனக்குக் கதவு தொறக்காது. ராமநாதபுரத்துல லாட்ஜுல கெடக்கேன், தெரிஞ்சவன் எவனும் பாத்துருவானோன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டு."

மணமானபின் ஆண் மனைவி வீட்டில் இருப்பதும், பிறந்த வீடு தங்கைக்குப் போவதும் இங்கே வழக்கம். அந்த வழக்கத்தில் இப்படி ஓர் ஓட்டை இருப்பதை அவள் யோசித்ததில்லை.

"பிள்ளைய எறக்குங்க காக்கா. மச்சி வந்து கூட்டிட்டுப் போவாக."

"ஒரு மணி நேரம். ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துட்டு கொண்டாந்து விடுறேன்."

"நாங்க விட முடியாது. காலையில கொண்டாந்து விட்டவுகதான் கூட்டிட்டுப் போகணும்."

"நான் யாருடி?" குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "நீ எனக்குச் சட்டம் சொல்றியா? தினம் ஃபோட்டோ அனுப்புனவ நீ. இடத்தையும் சொன்னவ நீ."

அவள் திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டியரிங்கில் இருந்த டிரைவர் மூக்கையா திரும்பிப் பார்த்தார். அபிராமத்துக்காரர். குடும்பச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட சங்கடம் முகத்தில் தெரிந்தது.

"சார், தப்பா நெனைக்காதீக. ஒங்க அம்மா வீட்டுல சாமான வாங்கிக்கிட்டு மதுரை போகணும்னா இப்பக் கெளம்புனாத்தான். பிளேனு நமக்காக நிக்காது."

நவாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

அஸ்பியா அவனைப் பார்த்தாள். "எங்க வீட்டுல என்ன சாமான்?"

அவளுடைய ஃபோன் அடித்தது. உம்மா. ஹமீதா பானு பகல் வேளையில் மகளை அழைப்பதே இல்லை.

"அஸ்பியா, காக்கா வந்திருக்கானா? பிள்ளைய அவன்கூட அனுப்பிவிடு."

"உம்மா, மச்சி..."

"மச்சி கிச்சியெல்லாம் நான் பாத்துக்கிறேன். அவன் பெத்த பிள்ள. நீ ஊடால நிக்காத. வச்சிடுறேன்."

இணைப்பு அறுந்தது. அண்ணன் வந்திருப்பது உம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று அஸ்பியா கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

அவள் செய்தது வேறு. காரின் பின்கதவு வழியாக ஏறி ஸமீஹாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரமும் மணலுமாக. ஒரு காலை வெளியே தரையில் ஊன்றிக்கொண்டாள். கதவை மூட முடியாது.

"என்ன பண்ற?"

"நீங்க போங்க காக்கா. நானும் வாரேன்."

"எறங்குடி."

"மாமியும் வாராங்களா?" ஸமீஹா அத்தையைப் பார்த்துக் குதித்தாள். வாயோரத்தில் சாக்லேட். "உம்மா?"

"உம்மா அப்புறம் வருவா," என்றான் நவாஸ்.

அஸ்பியா லாமியாவுக்கு ஃபோன் போட்டாள். இரண்டு வாக்கியம்தான் சொன்னாள். மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு லைன் கட்டானது.

நவாஸ் அவள் தோளைப் பிடித்தான். அழுத்தவில்லை. பிடித்தபடியே நின்றான். இந்தத் தங்கையை அவன் ஒருநாளும் அடித்ததில்லை. இன்றைக்கு அடிப்பானோ என்று அவனுக்கே தெரியாதது போல் இருந்தது.

கரையிலிருந்து மறுபடி விசில் வந்தது. நீளமாக, மூச்சு முடியும்வரை.

ஸமீஹா காதைத் தீட்டினாள். "நீள விசில். யாரோ காணாமப் போயிட்டாக."

"நீதான் புள்ள," என்றாள் அஸ்பியா.

"நானா? நான் இங்கதானே இருக்கேன்?"

"அவுகளுக்குத் தெரியாதுல்ல."

குழந்தை யோசித்தாள். "அமுதவள்ளி கையத் தூக்கிட்டு நிப்பா."

"ஆமா."

"நான் போயிப் பிடிக்கிறவரைக்கும் எறக்கக் கூடாது. எறக்குனா டீச்சர் திட்டுவாக. வாப்பா, நான் போயி அவ கையப் பிடிச்சிட்டு வந்துர்றேன்."

"வேணாம்மா. நாம போயி..."

"கை வலிக்கும் வாப்பா." பெல்ட்டை இழுத்தாள். அது அவிழவில்லை. அழ ஆரம்பிக்கவில்லை, ஆனால் உதடு ஒரு பக்கம் கோணியது. "எடுத்து விடுங்க. அவ ரொம்ப நேரமா நிக்கிறா."

நவாஸ் மகளைப் பார்த்தான். இரண்டு வருடமாக ஃபோன் திரையில் பார்த்த முகம். திரையில் அந்தக் கோணல் வந்தால் யாரோ ஃபோனைத் திருப்பிவிடுவார்கள்.

அவன் தங்கையின் தோளை விட்டான். குனிந்து பெல்ட்டின் சிவப்புப் பொத்தானை அமுக்கினான்.

ஸமீஹா அஸ்பியாவின் மடிமேல் ஏறி இறங்கி ஓடினாள். ஒரு செருப்பு காரிலேயே கிடந்தது.

மூக்கையா யாரும் சொல்லாமலே என்ஜினை அணைத்தார்.

* * *

லாமியா வந்தபோது பிள்ளைகள் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாகலெட்சுமி கரையில் ஒரு கயிறு கட்டியிருந்தாள். அதற்கு அந்தப் பக்கம், கவிழ்த்துப்போட்ட படகின் மேல் நவாஸ் உட்கார்ந்திருந்தான்.

"பிள்ளையப் பாக்கணும்னா பாருங்க சார்," என்று அவனிடம் சொல்லியிருந்தாள் அவள். "நாள் பூரா பாருங்க. கயித்துக்கு அங்கிட்டு நின்னு பாருங்க."

லாமியா முதலில் மகளிடம் போனாள். தலையைத் தொட்டாள், கையைத் தொட்டாள். பிறகு கயிற்றருகே வந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்து இரண்டு வருடம். நடுவில் ஒரு நைலான் கயிறு.

"பாஸ்போர்ட் எங்க?"

நவாஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் பக்கம் திரும்பினான்.

"இன்னிக்கு ஃபோன் வந்ததும் எங்க உம்மாவ விட்டு அலமாரியப் பாக்கச் சொன்னேன். ஸமீஹா பாஸ்போர்ட் அங்க இல்ல. நீங்க எங்க வீட்டுக்குள்ள வரல. எப்புடிப் போச்சு?"

"எங்கிட்ட இல்ல."

"அல்லா மேல சொல்லுங்க."

"அல்லா மேல. எங்கிட்ட இல்ல."

அது உண்மைதான் என்று அஸ்பியாவுக்குத் தெரிந்தது. அடுத்த கணமே மீதியும் தெரிந்தது. அம்மா வீட்டுல சாமான வாங்கிக்கிட்டு, என்று மூக்கையா சொன்னார். போன வெள்ளிக்கிழமை உம்மா லாமியா வீட்டுக்குப் போனாள். பேத்திக்கு உடுப்புத் தைக்க அளவு பார்க்க வேண்டும் என்று.

லாமியா கீழே பார்த்தாள். அவளும் அந்த வெள்ளிக்கிழமையைத்தான் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"சரி. இந்த இடம் எப்புடித் தெரிஞ்சுச்சு ஒங்களுக்கு?"

நவாஸ் படகிலிருந்து இறங்கினான். தங்கையைப் பார்க்கவில்லை. "நானே கண்டுபிடிச்சேன்," என்றான்.

அவன் அஸ்பியாவைக் காப்பாற்றுகிறான். பேசாமல் இருந்துவிட்டால் இது இத்தோடு முடிந்துவிடும்.

"நான்தான் மச்சி," என்றாள். "தினம் ஃபோட்டோ அனுப்பினேன். நேத்து இடமும் சொன்னேன்."

லாமியா கத்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காலையில ஒங்கிட்ட என்ன சொன்னேன்?"

அஸ்பியா தலைகுனிந்தாள்.

"நாளைக்கு ஸமீஹா வரமாட்டா."

மகளின் கையைப் பிடித்து நடந்தாள். ஒற்றைச் செருப்போடு போன ஸமீஹா நான்கு தடவை திரும்பி அமுதவள்ளிக்குக் கையாட்டினாள். வாப்பாவுக்கு ஒரு தடவை.

நவாஸ் காரில் ஏறிப் போனான். எங்கே என்று சொல்லவில்லை.

மாலையில் பிள்ளைகள் எல்லோரும் போனபிறகு நாகலெட்சுமி தொப்பிகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள், "மொத நாளே சொன்னேன். பிள்ளைக ஃபோட்டோ வெளிய போகக் கூடாதுன்னு."

"சொந்த வாப்பாதானே டீச்சர், அதான்..."

"சொந்தக்காரன்னுதான் எல்லாப் பிள்ளையும் போகும். தெரியாதவன் கூப்பிட்டா அமுதவள்ளி ஊரையே கூட்டியிருப்பா." பெருமூச்சு விட்டாள். "நானும் விசிலை லேட்டாத்தான் ஊதினேன். எம் மேலயும் இருக்கு. நீ நாளைக்கு வாரதா வேணாமான்னு அந்தப் பிள்ள அம்மா சொல்லட்டும். அவுக வேணாம்னா நான் ஒண்ணும் பேச முடியாது."

அஸ்பியா தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தாள்.

* * *

வீட்டுக்குள் நுழைந்ததும் வட்டலப்பம் வேகும் இனிப்பு மணம். ஸமீஹாவுக்குப் பிடித்தது.

ஹமீதா பானு அடுப்படியிலிருந்து வந்தாள். "ரொம்பப் பெரிய ஆளாயிட்ட. கூடப் பொறந்தவன நடுரோட்டுல நிறுத்திட்டியாமே."

"பாஸ்போர்ட்டக் குடுங்க உம்மா."

"என்ன பாஸ்போர்ட்?"

"போன வெள்ளிக்கிழமை எடுத்தது."

உம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லை. "நான் யாரையும் பிரிக்க நெனைக்கல. பிள்ள அங்க போயிட்டா, இவ பின்னாலேயே போயிருவா. தாய் நிப்பாளா? ரெண்டு நாள் அழுவா, மூணாம் நாள் பெட்டியக் கட்டுவா. புருஷன் பொண்டாட்டி ஒண்ணாயிருவாக. அதுக்குத்தான்."

"ஸமீஹா காருக்குள்ள கேட்டா, உம்மா வரலியான்னு. காக்கா அப்புறம் வருவான்னாக. பிளேன்ல ஏறின பெறகும் கேப்பா. அப்ப என்ன சொல்லச் சொன்னிய?"

"பிள்ளைக அழும், மறக்கும்."

"மச்சி போலீசுக்குப் போனா?"

"அவ போகமாட்டா. குடும்ப மானம் தெரிஞ்சவ."

"போனா, எங்கிட்ட கேப்பாக. நான் சொல்லிருவேன் உம்மா. யாரு எடுத்தான்னு."

ஹமீதா பானு மகளை நிமிர்ந்து பார்த்தாள். விருந்தாளிகள் வந்தால் அறைக்குள் ஓடிப்போகிற பெண். கடையில் விலை கேட்கக்கூட அடுத்தவரைக் கேட்கச் சொல்கிற பெண்.

"சொல்லுவியா? பெத்தவளப் பத்தி?"

"சொல்லுவேன்."

உம்மா உள்ளே போனாள். அலமாரி திறந்து மூடும் ஓசை. திரும்பி வந்து பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்கவில்லை, சாப்பாட்டு மேசைமேல் போட்டாள்.

"எடுத்துக்க. இப்ப உங் காக்கா அங்கதான் போயிருக்கான், அவ வீட்டுக்கு. காலுல விழாத கொறையாச் சொன்னேன் போகாதேன்னு. எம் மகன் வாசல்ல நின்னு அசிங்கப்படட்டும். நீ போயி வேடிக்கை பாரு."

அஸ்பியா அதை எடுத்துக்கொண்டு புர்காவை மாட்டினாள்.

* * *

அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. லாமியா வீட்டுத் தெருவில் ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்விட்டதால் நடமாட்டம் இல்லை.

வாசலில் நவாஸின் செருப்பு கிடந்தது. கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே சண்டைச் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தாள். ஸமீஹாவின் குரல் மட்டும் எங்கோ உள்ளிருந்து வந்தது.

தட்டிவிட்டுத் திறந்தாள்.

நவாஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து போகத் தயாராக இருக்கிறவன் மாதிரி. லாமியா எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். உள் அறையில் ஸமீஹா தன் அம்மாச்சியிடம் கடலட்டை குடலைத் துப்புவது பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அஸ்பியா நேராக லாமியாவிடம் போனாள். பாஸ்போர்ட்டை அவள் கையில் வைத்தாள்.

"எங்க வீட்டுலதான் இருந்துச்சு மச்சி."

லாமியா அதைத் திறந்து, மகளின் படத்தைப் பார்த்து, மூடினாள். மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவளுடைய தோள்கள் மெல்லக் கீழே இறங்கின.

நவாஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் இப்போது காரும் இல்லை, டிக்கெட் எடுத்த பிளேனும் போய்விட்டது. பிள்ளையைத் தூக்கிப்போகும் வழி எதுவும் இல்லை.

"இப்பச் சொல்லுங்க," என்றாள் லாமியா. "ரெண்டு வருஷம் கழிச்சு, சொல்லாம கொள்ளாம, திருடன் மாதிரி. அப்புடி என்ன அவசரம்? லீவுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. கம்பெனியில எப்புடி விட்டாக?"

நவாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தங்கையைப் பார்த்தான்.

"அஸ்பியா, நீ கொஞ்சம் வெளிய இரு."

அவள் உடனே திரும்பினாள். கதவில் கைவைத்தாள்.

"அவ எதுக்குப் போகணும்?" என்றாள் லாமியா. "இருக்கட்டும். நாளைக்கு நீங்க சொன்னது ஒண்ணும் நான் கேட்டது ஒண்ணுமா ஆகக் கூடாது. ஒக்காரு அஸ்பியா."

அஸ்பியா உட்கார்ந்தாள்.

நவாஸ் நாற்காலியில் பின்னால் நகர்ந்து நன்றாக உட்கார்ந்தான். பிறகு பேச ஆரம்பித்தான்.